சிகாகோ போகிற தம்பிக்கு எந்த ராக் ஸ்டேஷன்?

சேலம் அம்மாபேட்டையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய தம்பி வருகிற ஆகஸ்ட்டில் சிகாகோவில் இல்லினாய்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜியில் எம்.எஸ். சேர்கிறான். கிட்டார் வாசிப்பான், ராக் என்றால் சோறு தண்ணி வேண்டாம். "அங்கே ராக்குக்கென்றே நாலைந்து ரேடியோ ஸ்டேஷன் இருக்கிறதாம், எதைக் கேட்கச் சொல்வது? அவன் கேட்கிற அதே ஸ்டேஷனை நாங்களும் வீட்டிலிருந்து கேட்க முடியுமா?" என்கிறார். சிகாகோவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு சேலத்துக்கே திரும்பி வந்தவன், ரேடியோ விஷயத்தில் கொஞ்சம் கிறுக்கும் உண்டு, அதனால் சொல்கிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவசரக்காரர்களுக்கு: காலையில் 93.1, ராத்திரியில் டயலின் இடது கோடி, அதாவது 88-க்கும் 92-க்கும் நடுவே. ஏன் என்று கேட்பவர்கள் மேலே படிக்கலாம்.

முதலில் நம்ம ஊர்ப் பழக்கத்தைக் கழற்றி வைக்க வேண்டும். சேலத்தில் எஃப்.எம். திருப்பினால் தனியார் ஸ்டேஷன் எல்லாவற்றிலும் சினிமாப் பாட்டுதான், எந்த வருஷத்துப் பாட்டு, யார் வளவளவென்று பேசுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். விளம்பரம் வந்தால் அடுத்ததுக்குத் தாவுவோம், அங்கேயும் விளம்பரம் என்றால் அதற்கடுத்தது. பெங்களூரு போனால்கூட இங்கிலீஷ் பாட்டுக்கென்று பேர் சொல்கிற மாதிரி 91.9 இண்டிகோதான், அதிலும் பாப் பாட்டுதான் முன்னால் நிற்கும். அமெரிக்காவில் அப்படியில்லை, ராக்கையே நாலு கூறாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். கிளாசிக் ராக் என்றால் அறுபதுகளின் கடைசியிலிருந்து எண்பதுகள் வரை, இப்போது தொண்ணூறுகளும் அதில் சேர்ந்துவிட்டது, நமக்கு வயசாகிறது என்று அர்த்தம். ஆல்டர்நேட்டிவ் என்றால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த கிரஞ்ச் என்ற கரடுமுரடான ராக் காலத்திலிருந்து, பெரிய கம்பெனிகளைச் சாராத இன்றைய இண்டி பேண்ட்கள் வரை. ஆக்டிவ் ராக் என்றால் கனமான கிட்டார், மெட்டல் பக்கம். இன்னொன்று ட்ரிபிள் ஏ, விரித்தால் அடல்ட் ஆல்பம் ஆல்டர்நேட்டிவ். ஒரு ஹிட் பாட்டோடு நிறுத்தாமல் ஆல்பத்தின் மற்ற பாட்டுகளுக்குள்ளும் கை விடுகிற வகை. இதெல்லாம் எந்த வயசு ஆட்களின் காதை விளம்பரக்காரருக்கு விற்கலாம் என்கிற கணக்கில் போட்ட பிரிவுகள், அதனால் உங்கள் தம்பியின் ரசனை இந்த நாலில் ஒன்றுக்குள் அச்சடித்த மாதிரி உட்காராது.

சிகாகோவில் ராக் போடுகிற பெரிய ஸ்டேஷன்களில் முக்கியமானவை மூன்று. 93.1-ல் டபிள்யூ.எக்ஸ்.ஆர்.டி., ஊரார் எக்ஸ்.ஆர்.டி. என்பார்கள், இதுதான் ட்ரிபிள் ஏ. 97.1-ல் டபிள்யூ.டி.ஆர்.வி., பேர் 'தி டிரைவ்', 2001-லிருந்து கிளாசிக் ராக். 101.1-ல் டபிள்யூ.கே.க்யூ.எக்ஸ்., அதாவது க்யூ 101, ஆல்டர்நேட்டிவ். (எல்லாம் டபிள்யூவில் தொடங்குவது ஏன் என்றால், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் ஸ்டேஷனுக்கு டபிள்யூ, மேற்கே இருப்பதற்குக் கே என்பது அங்கே விதி. பழைய விதிவிலக்குகள் சில உண்டு.) கனமான கிட்டார்தான் வேண்டும் என்று தம்பி அடம்பிடித்தால் சிகாகோவிலேயே 95.5-ல் 'ராக் 95.5' இருக்கிறது. அந்த வகையில் இன்னொன்று 95.1-ல் வரும் டபிள்யூ.ஐ.ஐ.எல்., அது பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் கெனோஷா என்ற ஊர் ஸ்டேஷன். சிகாகோவின் வடக்குப் புறநகரில் நன்றாகக் கேட்கும், தம்பி இருக்கப் போவது தெற்கே, அங்கே அதை நம்ப முடியாது.

இந்த மூன்றில் எது என்று கேட்டால் நான் எக்ஸ்.ஆர்.டி. என்பேன். அதற்குக் காரணம் பாட்டுப் பட்டியல் மட்டும் இல்லை. 1972-ல் பகலெல்லாம் வெளிநாட்டு மொழிக்காரர்களுக்கு நேரத்தை வாடகைக்கு விட்டுக் காசு பார்த்த ஒரு ஸ்டேஷன், ராத்திரி சும்மா கிடக்கிறதே என்று ராக் போட ஆரம்பித்தது. 1976-ல் நாள் முழுக்க ராக்காக மாறியது. டெர்ரி ஹெம்மர்ட் என்று ஒருவர் 1973-ல் அங்கே சேர்ந்தார், 1981-ல் காலை நிகழ்ச்சிக்கு வந்தபோது சிகாகோவில் அந்த நேரத்தை நடத்திய முதல் பெண் அவர்தான். 2019-ல் தினசரி வேலையை விட்ட பிறகும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பீட்டில்ஸ் நிகழ்ச்சியை மட்டும் கையிலேயே வைத்திருந்தார். லின் பிரேமர் 1991-லிருந்து காலை நிகழ்ச்சி செய்தவர், 2023 ஜனவரியில் இறந்தார். அவர் 'லின்ஸ் பின்' என்று ஒரு பகுதி வைத்திருந்தார்: நேயர் ஏதாவது ஒரு கேள்வி அனுப்புவார், இவர் அதற்கு ஒரு கட்டுரை எழுதி, நடுநடுவே பாட்டுத் துண்டுகளை வெட்டி ஒட்டி வாசிப்பார். கேள்வி பனி அள்ளுவதைப் பற்றிக்கூட இருக்கும். சிகாகோக்காரனுக்கு ஜனவரியில் பனி அள்ளுவதை விடப் பெரிய தத்துவப் பிரச்சினை வேறு கிடையாது என்பதால் எல்லோரும் காது கொடுத்துக் கேட்பார்கள். ஒரே ஸ்டேஷனில் முப்பது நாற்பது வருஷம் இருந்து, ஊரோடு சேர்ந்து வயசான ஆட்கள் இவர்கள். இந்த மாதிரி ஒரு ஸ்டேஷன் அமெரிக்காவிலேயே அபூர்வம்.

தட்டுவடை செட் சாப்பிடப் போகிறவன் கடை போர்டைப் பார்த்தா போகிறான்? காரச் சட்னி யார் கையால் வைக்கிறார்கள் என்று பார்த்துத்தான் போகிறான். ஸ்டேஷனையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ராக், கிளாசிக் ராக் என்பது போர்டு. அடுத்த பாட்டு எது என்று தீர்மானிக்கிற ஆள் யார், அவர் அந்த ஊரில்தான் உட்கார்ந்திருக்கிறாரா என்பதுதான் விஷயம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் 1996-ல் அமெரிக்கா கொண்டுவந்த தொலைத்தொடர்புச் சட்டம். அதற்கு முன் ஒரு கம்பெனி நாடு முழுக்க இத்தனை ஸ்டேஷன்தான் வைத்திருக்கலாம் என்று உச்சவரம்பு இருந்தது. சட்டம் அந்த வரம்பை எடுத்துவிட்டது, பெரிய ஊரில் ஒரே கம்பெனி எட்டு ஸ்டேஷன் வரை வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னது. சில வருஷத்தில் கிளியர் சேனல் என்ற ஒரே கம்பெனியிடம் 1200-க்கு மேல் ஸ்டேஷன்கள் சேர்ந்துவிட்டன, இன்றைக்கு அதன் பெயர் ஐஹார்ட். அத்தனை ஸ்டேஷனுக்கும் ஆள் போட முடியுமா? வாய்ஸ் டிராக்கிங் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஒருவர் எங்கேயோ ஒரு ஊரில் உட்கார்ந்துகொண்டு ஐந்தாறு ஊருக்கு வேண்டிய பேச்சை முன்கூட்டியே பதிவு செய்து வைத்துவிடுவார், கம்ப்யூட்டர் அதைப் பாட்டுகளுக்கு நடுவே செருகிவிடும். கேட்கிறவனுக்கு நேரடியாகப் பேசுகிற மாதிரியே இருக்கும். வெளியே புயல் அடித்து ரயில் நின்றிருக்கும், அவர் "என்ன அழகான மாலை" என்பார்.

எக்ஸ்.ஆர்.டி.யும் பெரிய கம்பெனியின் கையில்தான் இருக்கிறது, ஆடசி என்று பேர், அந்தக் கம்பெனியே 2024 தொடக்கத்தில் திவால் நீதிமன்றப் படி ஏறி இறங்கியது. அதனால் இன்று நான் சொல்வது நாலு வருஷம் கழித்தும் செல்லும் என்று எழுதிக் கொடுக்க மாட்டேன். க்யூ 101 கதையைப் பாருங்கள். 1992-லிருந்து ஆல்டர்நேட்டிவ் போட்டுக்கொண்டிருந்தது. 2011-ல் கைமாறியது, 101.1 பேச்சும் செய்தியுமாக மாறிப்போனது. அந்த மாதிரிப் பாட்டு கொஞ்ச காலம் 87.7-க்கு ஓடிப் போனது, அது ரேடியோ அலைவரிசையே கிடையாது, ஆறாம் எண் டிவி சேனலின் ஒலி மட்டும் எஃப்.எம். செட்டின் ஓரத்தில் தற்செயலாகக் கேட்கிற இடம், அந்தச் சந்தில் புகுந்து ராக் போட்டார்கள்! 2014-ல் மறுபடி 101.1-க்கு ஆல்டர்நேட்டிவ் வந்தது, க்யூ 101 என்ற பழைய பேரும் 2022-ல் திரும்பியது. நம் ஊர் ஆட்கள் ஒரு நம்பரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டுவிடுவோம், அங்கே நம்பர் இருக்கும், பாட்டு இருக்காது.

இன்னொரு கதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது தம்பியின் காலேஜ் வாசலிலேயே நடந்தது. 97.9-ல் 'தி லூப்' என்று ஒரு ஸ்டேஷன் இருந்தது, டபிள்யூ.எல்.யு.பி. எழுபதுகளின் கடைசியில் டிஸ்கோ இசை எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டிருந்த நேரம். ஸ்டீவ் டால் என்ற டிஜே வேலை பார்த்த ஸ்டேஷன் ராக்கை விட்டு டிஸ்கோவுக்கு மாறியதில் அவர் வேலை போனது. லூப்பில் சேர்ந்தவர் டிஸ்கோவைத் திட்டுவதையே தினசரி நிகழ்ச்சியாக்கினார். 1979 ஜூலை 12 அன்று கோமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் ஒரு ஏற்பாடு: வேண்டாத டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டு வந்தால் 98 சென்ட்டுக்கு டிக்கெட். அந்த 98 என்ற எண் 97.9 என்ற அலைவரிசையிலிருந்து வந்தது. இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே தட்டுகளைக் குவித்து வெடி வைத்தார்கள். கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது, தரை நாசம், இரண்டாவது ஆட்டத்தை ஆடாமலே எதிரணிக்குக் கொடுத்துவிட வேண்டியதாயிற்று. ராக் ரசிகர்கள் சிலர் இதை இன்னமும் பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெருமை ஒன்றும் தெரியவில்லை. டிஸ்கோவை வளர்த்தவர்களில் பெரும்பகுதி கறுப்பின மக்களும் லத்தீன் மக்களும் தன்பாலின ஈர்ப்பாளர்களும், அவர்கள் பாட்டை உடைக்கிறேன் என்று வெள்ளைக்காரப் பையன்கள் கூடினால் அதற்கு வேறு அர்த்தமும் உண்டு. அதுவும் சில வருஷத்திலேயே அதே சிகாகோவின் கிளப்புகளில் டிஸ்கோவின் வாரிசாக ஹவுஸ் இசை பிறந்து உலகம் சுற்றியது, வெடி வைத்து என்ன பிரயோஜனம்? லூப் ஸ்டேஷனை 2018-ல் ஒரு கிறிஸ்தவ ஒலிபரப்பு நிறுவனம் வாங்கியது, இப்போது 97.9-ல் பக்திப் பாட்டு. பழைய மைதானத்தை 1991-ல் இடித்துவிட்டார்கள், அந்த இடம் இப்போது பார்க்கிங். 35-ஆவது தெருவில் காலேஜிலிருந்து நெடுஞ்சாலையைக் கடந்தால் அதுதான், தம்பி முதல் வாரமே நடந்து போய்ப் பார்த்துவிடலாம்.

சரி, எப்படிப் பரீட்சை செய்வது? போன உடனே ஒரு ஸ்டேஷனை நிரந்தரமாக்கிவிட வேண்டாம். ஒரே மணி நேரத்தை எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், உதாரணமாக மாலை நாலிலிருந்து ஐந்து. திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அதே ஸ்டேஷன், கையில் ஒரு நோட்டு. என்ன பாட்டு வந்தது என்று எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை பக்கமும் திங்கள்கிழமை பக்கமும் பாதிக்குப் பாதி ஒன்றாக இருந்தால் பட்டியல் சிறியது என்று தெரிந்துவிடும். பெரும்பாலான வணிக ஸ்டேஷன்களில் பாட்டைத் தேர்ந்தெடுப்பது பேசுகிறவர் இல்லை, ஒருவர் பட்டியல் போட்டுக் கொடுக்க ஒரு மென்பொருள் அதைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கிளாசிக் ராக் ஸ்டேஷனில் இது கண்கூடு, எழுபதுகளில் எத்தனையோ ஆயிரம் பாட்டு வந்திருக்க, அவர்கள் கையில் இருப்பது சில நூறுதான், ஒரு பேண்டுக்கு மூன்று நாலு பாட்டு, அதற்கு மேல் அந்த பேண்ட் ஒன்றுமே செய்யாத மாதிரி. டிரைவ் ஸ்டேஷனும் இதற்கு விலக்கில்லை. காரில் கூட நாலு பேரோடு ஊர் சுற்றும்போது பழகின பாட்டு வந்தால் எல்லோரும் சேர்ந்து கத்தலாம், அதற்கு அது போதும். கிட்டார் கற்றுக்கொள்கிற பையனுக்குப் போதாது.

நோட்டில் அடுத்து எழுத வேண்டியது, பாட்டு முடிந்ததும் அது யாருடையது என்று சொன்னார்களா என்பது. அற்ப விஷயம் போலத் தெரியும், ஆனால் புது பேண்டைக் கண்டுபிடிக்க வேறு வழி என்ன இருக்கிறது? அப்புறம் உள்ளூர்ச் சமாச்சாரம். மெட்ரோ என்று ஒரு அரங்கம் இருக்கிறது, 1982-லிருந்து, வடக்கே கிளார்க் தெருவில். இந்த வெள்ளிக்கிழமை மெட்ரோவில் யார் வாசிக்கிறார்கள், எம்ட்டி பாட்டில் என்ற இன்னொரு அரங்கில் யார், இதை ஒரு ராக் ஸ்டேஷன் சொல்லவில்லை என்றால் அதைக் கேட்பதும் போனில் ப்ளேலிஸ்ட் ஓடவிடுவதும் ஒன்றுதான். காலேஜ் பக்கத்து ரெட் லைன் ரயில் மெட்ரோவுக்குப் பக்கத்திலேயே, அடிசன் ஸ்டேஷனில் கொண்டு போய் விடும், ரயில் மாற வேண்டாம். ஸ்மாஷிங் பம்ப்கின்ஸும் வில்கோவும் இந்த ஊர் பேண்ட்கள்தான்.

விளம்பரம் எல்லா வணிக ஸ்டேஷனிலும் உண்டு, தப்பிக்க முடியாது. ஒன்றில் விளம்பரம் என்று அடுத்ததுக்குத் தாவினால் அங்கேயும் அதே நேரத்தில் விளம்பரம் ஓடும், இது நம் துரதிர்ஷ்டம் இல்லை. நீல்சன் என்ற நிறுவனம் நேயர் கணக்கெடுக்கிறது, நாளைக் கால் மணிக் கூறுகளாகப் பிரித்து, ஒருவர் அதில் ஐந்து நிமிடம் கேட்டால் அந்தக் கால் மணி முழுக்கக் கேட்டதாகக் கணக்கு. 2025 முதல் மூன்று நிமிடம் என்று குறைத்துவிட்டார்கள். எந்த நிமிடத்தில் விளம்பரம் போட்டால் கணக்குக் கெடாது என்று எல்லா ஸ்டேஷனும் ஒரே வாய்ப்பாட்டைப் போட, எல்லோருக்கும் ஒரே விடை வருகிறது.

இப்போது இடது கோடிக்கு வருகிறேன், எனக்குப் பிடித்த பகுதி. அமெரிக்காவில் 88-லிருந்து 92 வரையான அலைவரிசைகள் லாப நோக்கில்லாத, கல்வி சார்ந்த ஸ்டேஷன்களுக்கென்று ஒதுக்கப்பட்டவை. விளம்பரம் கிடையாது. பல்கலைக்கழகங்களின் ஸ்டேஷன்கள் இங்கேதான் இருக்கின்றன. நம் பக்கம் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் 2004-ல் ஆரம்பித்த அண்ணா எஃப்.எம். நினைவிருக்கலாம், அங்கே இந்த வகை ஸ்டேஷன் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே உண்டு. தம்பியின் காலேஜுக்கே சொந்தமாக ஒன்று இருக்கிறது, டபிள்யூ.ஐ.ஐ.டி., 88.9. தெற்கே ஹைட் பார்க்கில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.எச்.பி.கே., 88.5, வெறும் 100 வாட். வடக்கே எவன்ஸ்டனில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் டபிள்யூ.என்.யு.ஆர்., 89.3, இது கொஞ்சம் பெரியது, 7200 வாட். இங்கெல்லாம் பாட்டுப் போடுகிறவர்கள் மாணவர்களும் அக்கம்பக்கத்து ஆட்களும்தான், சம்பளம் கிடையாது, அடுத்த பாட்டு எது என்று அவர்களே தீர்மானிப்பார்கள். ஒரு மணி நேரம் பிரமாதமாக இருக்கும், அடுத்த மணி நேரம் யாரோ தகரத்தை இழுப்பது போலக் கேட்கும், சகித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு பையன் மைக்கைப் போட மறந்துவிட்டு அரை நிமிடம் மௌனமாக இருப்பான், அப்புறம் இருமிவிட்டு, இதுவரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கவே முடியாத ஒரு பேண்டின் பேரைச் சொல்வான். வணிக ஸ்டேஷனில் இருமல் கேட்காது, அந்த பேண்டும் கேட்காது.

இதே ரகத்தில் சேர்ப் என்று ஒன்று, 107.1-ல். இது இடது கோடியில் இல்லை, ஆனாலும் தொண்டர்கள் நடத்துவது. 2010-ல் இணையத்தில் தொடங்கியவர்கள், குறைந்த சக்தி எஃப்.எம். சட்டம் பெரிய நகரங்களுக்கும் கதவைத் திறந்துவிட்ட பிறகு, 2017-ல்தான் காற்றில் ஏறினார்கள். அந்த வகை உரிமத்துக்கு 100 வாட்தான் உச்சம், வடக்கே நாலைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் நன்றாகக் கேட்கும், அதனால் தம்பி அதை இணையத்தில்தான் கேட்க வேண்டியிருக்கும். உள்ளூர் பேண்ட்களுக்கு அவர்கள் கொடுக்கும் இடம் பெரியது. ராக் கேட்கிறவன் அதன் பாட்டனையும் கேட்க வேண்டும் என்று நினைத்தால் 90.9, டபிள்யூ.டி.சி.பி., டியூபேஜ் காலேஜின் ஜாஸ், ப்ளூஸ் ஸ்டேஷன். சிகாகோவில் ப்ளூஸ் கேட்காமல் திரும்பி வருவது அநியாயம். செஸ் ரெக்கார்ட்ஸ் என்ற ப்ளூஸ் இசைத்தட்டுக் கம்பெனி இருந்த ஊர் அது, ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் வாசித்த ஊர், ரோலிங் ஸ்டோன்ஸ் தங்கள் பேரையே அவர் பாட்டிலிருந்து எடுத்து, 1964-ல் அந்த செஸ் ஸ்டுடியோவுக்கே வந்து பாடிப் பதிவு செய்துவிட்டுப் போனார்கள். அந்தக் கட்டடம் தெற்கு மிச்சிகன் அவென்யூ 2120-ல், காலேஜிலிருந்து தூரமில்லை.

ஒலி பிடிப்பதைப் பற்றிக் கொஞ்சம். எஃப்.எம். அலை நேர்கோட்டில் போகிறது, அதனால் உயரம்தான் எல்லாம். ஏற்காடு மலைப்பாதையில் ரேடியோவைப் போட்டுக்கொண்டு போனவர்களுக்குத் தெரியும், இருபது கொண்டை ஊசி வளைவில் ஒரு வளைவில் சேலம் ஸ்டேஷன் கணீரென்று வரும், அடுத்ததில் மலை மறைத்துக்கொள்ளும், வெறும் இரைச்சல். நமக்கு இயற்கையாகவே சேர்வராயன் மலை கிடைத்திருக்கிறது, சேலத்துத் தரையிலிருந்து ஏற்காடு ஏறக்குறைய 1200 மீட்டர் மேலே. சிகாகோ தட்டையான ஊர், ஒரு பக்கம் ஏரி, மலை என்ற பேச்சே இல்லை, அதனால் வில்லிஸ் டவர், பழைய ஜான் ஹான்காக் கட்டடம் இவற்றின் உச்சியில் ஆன்டெனா வைத்திருக்கிறார்கள். வில்லிஸ் டவர் 442 மீட்டர், ஏற்காட்டின் அந்த உயரத்தில் பாதிகூட இல்லை, ஆனால் தடுக்க எதுவும் இல்லாததால் அதுவே போதும். காலேஜிலிருந்து அது சில கிலோமீட்டர்தான், பெரிய ஸ்டேஷன்கள் தாராளமாக வரும். பிரச்சினை அதுதான்: பெரியவற்றின் சத்தம் அதிகமாகி, மலிவான செட்டில் 88.5 போன்ற சின்னதை அமுக்கிவிடும். அப்போது ஆன்டெனாவை முழுக்க நீட்டாமல் பாதி நீட்டி, ஜன்னலோரமாக நகர்த்திப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னும் நீட்டினால் சரியாகும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், இங்கே அது எதிர்மறை.

செட்டை இங்கிருந்து வாங்கிக்கொண்டு போகலாமா என்றால், பேட்டரியிலோ யுஎஸ்பியிலோ ஓடுவதாக இருந்தால் தாராளமாக. சுவரில் செருகும் 230 வோல்ட் செட் அங்கே ஓடாது, அங்கே 120. ஒலி கொஞ்சம் கூர்மையாக, ட்ரெபிள் ஏற்றி வைத்த மாதிரி கேட்கும். ஒலியின் உச்சத்தைத் தூக்கி அனுப்பித் திரும்ப இறக்குகிற அளவு இரண்டு நாட்டிலும் வேறு வேறு, நமக்கு 50 மைக்ரோ நொடி, அவர்களுக்கு 75. பெரிய குறையில்லை. ஆனால் திரும்பி வரும்போது அங்கே வாங்கிய செட்டைக் கொண்டுவருவதாக இருந்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்க ஸ்டேஷன்கள் எல்லாம் 93.1, 97.1 என்று ஒற்றைப்படையில்தான் முடியும், பல டிஜிட்டல் செட்டுகள் அந்த ஒற்றைப்படையை மட்டும்தான் தாவித் தாவிப் பிடிக்கும். நம் ஊரில் 106.4 போன்ற இரட்டைப்படையில் நிறைய ஸ்டேஷன் இருக்கிறது, அதெல்லாம் சரியாக அகப்படாது. செட்டிங்ஸில் ஊரை மாற்றும் வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும், முள் திருப்புகிற பழைய மாடலுக்கு இந்தத் தொல்லையே இல்லை.

கடைசியாக, சேலத்திலிருந்து நீங்கள் கேட்பது. பெரிய கம்பெனிகளின் ஆப்கள் பல அமெரிக்காவுக்கு வெளியே திறக்காது, பாட்டு உரிமை ஒப்பந்தம் அந்த நாட்டு எல்லையோடு முடிந்துவிடுகிறது, அதனால் எக்ஸ்.ஆர்.டி. உங்களுக்குக் கிடைக்காமல் போகலாம். பல்கலைக்கழக ஸ்டேஷன்களும் சேர்பும் தங்கள் இணையதளத்திலேயே நேரலை வைத்திருக்கின்றன, அங்கே முயலுங்கள். தம்பியும் கிளம்புவதற்கு முன்பே நோட்டுப் பரீட்சையை இங்கிருந்தே அவற்றில் தொடங்கிவிடலாம், ஆனால் லீவு மாதங்களில் மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள், கம்ப்யூட்டர்தான் பாட்டுப் போடும், அதை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். ஆகஸ்ட்டில் சிகாகோ நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். அங்கே காலை ஏழு மணி என்றால் அம்மாபேட்டையில் மாலை ஐந்தரை. நவம்பர் முதல் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தைப் பின்னால் திருப்பி வைப்பார்கள், அன்றிலிருந்து வித்தியாசம் பதினொன்றரை மணி, மார்ச் இரண்டாவது ஞாயிறு வரை அப்படியே. தம்பியை 88.9-க்குப் போய் ஒரு நேரம் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், புது ஆட்களைச் சேர்த்துப் பழக்கிவிடுவது மாணவர் ஸ்டேஷன்களில் வழக்கம்தான். புதிதாக வருகிறவனுக்கு ராத்திரி நேரம்தான் கிடைக்கும். செவ்வாய் ராத்திரி பத்து மணி கொடுத்தார்கள் என்றால் உங்களுக்கு அது புதன் காலை எட்டரை, நவம்பருக்கு அப்புறம் ஒன்பதரை.